எவர்சில்வரும் ஜி.ஐ. தகடும் நேராகத் தொடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி.ஐ.யில் 27 ஆண்டுகள் தகட்டு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். களியக்காவிளைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன்.

போன ஆவணியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி, மண்டபத்துச் சமையல்புரையில் எவர்சில்வர் ஹூட்டிலிருந்து (அடுப்புக்கு மேலே புகையை வாங்கும் கூண்டு) சுவர் வரைக்கும் போகும் ஜி.ஐ. (நாகம், அதாவது துத்தநாகம், பூசிய இரும்பு) புகைக் குழாய் மூட்டு விட்டு, ஆறடி நீளத்துக்கு அப்படியே விழுந்தது. பாயசத்துக்குக் கழுவி வைத்திருந்த உருளி கவிழ்ந்தது. சமையல்காரர்கள் எல்லாரும் பின்பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் உயிர் தப்பினார்கள்.

மண்டபம் திறந்து மூன்று மழைக்காலம்தான் ஆகியிருந்தது. தகடு மட்டமான சரக்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் பந்தி முடிந்ததும் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தகட்டில் குறையில்லை. மூட்டிலிருந்து இரண்டடி தள்ளி நாகப் பூச்சு பூப்பூவாகப் புதுசு போலவே இருந்தது. மூட்டை ஒட்டி நாலு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளைப் பொடி, அதற்கடியில் துரு. ஜி.ஐ. ஸ்க்ரூக்கள் விரல் பட்டதும் உதிர்ந்தன. எவர்சில்வர் ஹூட்டில் ஒரு கறைகூட இல்லை.

இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு, மேலே உப்பு ஈரமும் படிந்தால் அது ஒரு பேட்டரி. நாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு எவர்சில்வரைக் காப்பாற்றும். எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. தேங்காப்பட்டணத்துக் கடல் காற்று, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை, அப்புறம் ஐப்பசி மழை, போதாததற்குக் குழாயில் குளிர்ந்து படியும் சமையல் ஆவி. இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் நாகம் உள்ள நல்ல தகட்டிலேயே பூச்சு ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 120 கிராம் தகட்டில் அதில் பாதிகூட இல்லை. பெரிய எவர்சில்வர் பரப்பில் சின்ன ஜி.ஐ. ஸ்க்ரூவை முடுக்குவது எல்லாவற்றையும்விட மோசம். அரிப்பு முழுக்க அந்தச் சின்னத் துண்டின் தலையில்தான் விழும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் மூடியது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் இரும்பு ஆணிகள் கரைந்து, பல இடங்களில் தகடு கழன்றிருந்தது. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழிபடாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே சிக்கிக்கொண்ட இடத்தில் மட்டும் ஆணி முழுசாக இருந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அந்தக் காகிதத்தின் வேலையைத்தான் இன்றைக்கு கேஸ்கெட் (மூட்டின் நடுவே வைக்கும் பட்டை) செய்கிறது. ஏ.சி., காற்றோட்டக் குழாய்களில் வேறு உலோகங்களைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், ஃப்ளேஞ்ச் (குழாய் முனையில் போல்ட் போடும் விளிம்பு) முழுவதும் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் பட்டை வையுங்கள். போல்ட்டுக்கு நைலான் வாஷர் மட்டும் போதாது, துளைக்குள் நைலான் குழலும் வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டின் உடலே இரண்டையும் இணைத்துவிடும். முடித்ததும் மல்டிமீட்டரை, மின்தொடர்பு இருந்தால் சத்தம் போடும் நிலையில் திருப்பி, இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், சத்தம் வரக் கூடாது. இப்படிப் பிரித்த பிறகு ஃபேனுக்குத் தனியாக எர்த் கொடுக்க மறக்காதீர்கள். பெயிண்ட் அடித்தால் எவர்சில்வர் பக்கமும் சேர்த்து அடியுங்கள். ஜி.ஐ.க்கு மட்டும் அடித்தால் கீறல் விழுந்த இடத்தில் அரிப்பு குவிந்து ஓட்டை போட்டுவிடும். செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் ஜி.ஐ. தகட்டில் விழவும் விடாதீர்கள்.

சமையல்புரைக்கு இந்த வழி சரிப்படாது. எண்ணெய்ப் புகையும் சூடும் உள்ள இடத்தில் நைலானும் நியோபிரீனும் நிற்காது. ஹூட்டும் குழாயும் ஒரே உலோகமாக, வெல்டிங் வைத்ததாக இருக்கட்டும். செலவு கூடும்தான். ஆனால் அந்தக் குழாய்க்குக் கீழேதான் ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள்.

அந்த மண்டபத்தில் மறுபடியும் ஜி.ஐ. குழாயையே அதே ஸ்க்ரூவால் மாட்டியிருக்கிறார்கள். நேரில் போய்ச் சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள். எங்கள் பகுதியில் இப்படி மாட்டிய மண்டபங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. உரிமையாளர்கள் வருகிற இடவப்பாதிக்கு முன்னால் ஏணி போட்டு அந்த மூட்டை ஒருமுறை பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
களியக்காவிளை