எங்க ஊருக்கு ஒரு மழைமானி வையுங்க

மழைக் கணக்கு வெச்சிருக்குற அதிகாரிகளுக்கு வணக்கங்க.

போன வாரம் எங்க நைனாவ (அப்பாவ) கூட்டிக்கிட்டு ஒரு ஆபீசுக்கு போயிருந்தேன், மல்லாட்டை (நிலக்கடலை) காஞ்சுபோனதுக்கு நஷ்டஈடு கேட்டு. அங்க இருந்தவரு ஒரு பேப்பர காட்டி, சேட்டிலைட் படி உங்க கட்டத்துல (மழை கணக்குக்காக பிரிச்ச சதுரத்துல) ஆவணில மழை பேஞ்சிருக்குன்னு சொல்லி மனுவ திருப்பி குடுத்துட்டாரு. 70 வயசு மனுஷன், பொய் சொல்லி மாட்டிக்கிட்டவர் மாதிரி தலைய குனிஞ்சுக்கிட்டு வெளில வந்தாரு, அத பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

எங்க கொல்லை, அதாவது நிலம், வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம், மானாவாரி. பூவுலேர்ந்து வந்து காய் புடிக்குற விழுது மண்ணுக்குள்ள இறங்குற நேரத்துல 22 நாள் ஒரு சொட்டு இல்லீங்க. பூ நல்லா வந்துச்சு, விழுதும் கீழ வந்துச்சு, மண்ணு இறுகிப்போய் கெடந்ததால உள்ள போக முடியாம முனை கருகி அப்படியே நின்னுடுச்சு. ஒரு செடிய புடுங்கி பாத்தா பத்து பன்னெண்டு விழுது அந்தரத்துல தொங்குது, காய் ரெண்டோ மூணோ. அந்த 22 நாளும் சாயங்காலமானா மலை மேல கருக்கும், மின்னும், இடி கேக்கும், நைனா களத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு, கீழ எறங்கவே இல்ல.

சேட்டிலைட்ட நான் குறை சொல்லல. 1997ல அமெரிக்காவும் ஜப்பானும் சேந்து விட்ட டிஆர்எம்எம்ங்குற சேட்டிலைட்லதான் மழை அளக்குற ரேடார் மொதமொதல்ல மேல போச்சு, 2015 வரைக்கும் ஓடுச்சு, 2014ல அதுக்கு அடுத்ததா ஜிபிஎம்ங்குற சேட்டிலைட் போச்சு, நடுவுல 2011ல நம்ம இஸ்ரோவும் பிரான்சும் மேகா ட்ராபிக்ஸ்ங்குற சேட்டிலைட்ட விட்டாங்க. கடல் மேல மழைமானி நட முடியாது, பசிபிக் கடல் சூடாகுற எல்நினோ வருஷத்துல மழை எந்த பக்கம் நகருதுன்னு தெரியறதே இதுங்களாலதான். ஆனா ரேடார் இருக்குற சேட்டிலைட் ஒரு எடத்த எப்பவோ ஒரு தடவதான் கடக்குது, மத்த நேரத்துக்கு வேற சேட்டிலைட்டுங்க குடுக்குறத வெச்சும், மேகத்தோட தலை எவ்ளோ குளுந்திருக்குன்னு பாத்தும் கணிக்குறாங்க. ஜிபிஎம் கணக்குல ஒரு கட்டம் சுமாரா 10 கிலோமீட்டர். எங்க கட்டத்துல மலையும் இருக்கு, கொல்லையும் இருக்கு. மலைல பேஞ்சது எங்க பேர்ல ஏறிடுச்சு. அந்த கணக்கோட கடைசி பதிப்ப சரி பண்றதுக்கே தரைல இருக்குற மழைமானி அளவதான் சேக்குறாங்க, அப்ப மழைமானியே இல்லாத ஊர எத வெச்சு சரி பண்ணுவீங்க? அதனால கேக்குறேன், ஊருக்கு ஒண்ணு வையுங்க.

2015 வடகிழக்கு பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்த விட பாதிக்கு மேல ஜாஸ்தி, அடுத்த வருஷம் 2016ல 60 பெர்சன்ட்டுக்கும் மேல கம்மி. ரெண்டையும் சேத்து சராசரி போட்டா ஏதோ சுமாரா பேஞ்ச மாதிரிதான் தெரியும், ஒரு வருஷம் தண்ணில அழுகுச்சு, ஒரு வருஷம் கெணறு வத்துச்சு. மழை வருஷத்துக்கு வருஷம் இப்படி மாறும்போது ஊரு அளவுல வருஷாவருஷம் எழுதி வெச்சாதானே நாளைக்கு யாராவது பேச முடியும்.

நைனா மாச காலண்டர்ல மண்ணு உழவு ஓட்டுற ஆழத்துக்கு எவ்ளோ நனைஞ்சுதுன்னு பாத்து 'ஒரு உழவு', 'அரை உழவு'ன்னு பென்சில்ல எழுதி வெப்பாரு. மழை இல்லாத அந்த 22 நாளும் காலண்டர்ல காலியா இருக்கு. அதையும் எடுத்துக்கிட்டு போய் காட்டினோம், இதெல்லாம் ரெக்கார்ட் இல்லன்னுட்டாங்க. சிட்டாவுக்கு ஒரு நாள், அடங்கலுக்கு ஒரு நாள், ஜெராக்ஸ் நாலு செட்டு, பஸ்ஸுக்கு காசு, கடைசில இந்த பதில். விவசாயி சொல்றத நம்பக்கூடாதுன்னு எந்த சட்டத்துல இருக்கு?

கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க. கேக்குறது ஒண்ணுதான், ஊருக்கு ஒரு மழைமானி வையுங்க, காலைல எட்டரைக்கு எடுக்குற அளவ அன்னன்னிக்கே எல்லாரும் பாக்குற மாதிரி போடுங்க. எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கு பின்னால திறந்த எடம் இருக்கு, கிட்ட மரமோ செவுரோ இல்ல. அளவு எடுக்க ஆள் இல்லன்னா நான் தெனம் போறேன், சம்பளம் வேணாம். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி தயவுசெஞ்சு வெச்சுடுங்க.