பின்னட்டை எழுதுவோருக்கு ஒரு மடல்

தமிழில் மர்ம நாவல்களை மொழிபெயர்த்தும் பதிப்பித்தும் வரும் பெருமக்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் நான் வாங்கிய ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் பின்னட்டையில், இறந்துபோன கணவருக்கு வேறோர் ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தது என்ற செய்தி மூன்றாவது வரியிலேயே அச்சாகியிருந்தது. கதைக்குள் அவருடைய மனைவி அதைத் தெரிந்துகொள்வது 210-ஆம் பக்கத்தில்தான். அதுவரை அவளுடன் சேர்ந்து அலமாரியைக் குடைந்து, எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நான், "இன்னுமா இவளுக்குப் புரியவில்லை" என்று அலுத்துக்கொண்டிருந்தேன். துக்கத்தில் இருக்கும் ஒருத்தியைப் பார்த்து என்னை அலுத்துக்கொள்ள வைத்தது அந்தப் பின்னட்டை. பதிப்பகத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஒருவர் மட்டும் செய்யும் தவறாக இருந்தால் அவருக்கே தனிக்கடிதம் போட்டிருப்பேன்.

கொலையாளி யார் என்பதை மட்டும் நம்பி நிற்கும் கதையில் முடிவு முன்பே தெரிந்துவிட்டால் ஒரு புதிர் கெடுகிறது, அவ்வளவுதான். இறந்தவரின் மறைந்திருந்த வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும் நாவல்களில் இழப்பு அதைவிடப் பெரிது. உயிரோடு இருந்தவரை ஒருமுறை இழந்தவள், தான் அறிந்திருந்ததாக நம்பிய மனிதரை இன்னொரு முறை இழக்கிறாள். அந்த இரண்டாவது இழப்பு எந்த நாளில், எந்தப் பொருளைக் கையில் எடுக்கும்போது நேர்கிறது என்பதே அங்கே கதை.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் தந்தையாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, வீட்டு வரி ரசீதைத் தேடி அவருடைய பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில், ரப்பர் பேண்டு இற்றுப்போய்க் காகிதத்தோடு ஒட்டியிருந்த ஒரு கட்டில் மணியார்டர் ரசீதுகள் இருந்தன. ஒவ்வொரு மாதமும் அதே ஐம்பது ரூபாய். நாங்கள் யாரும் போயிராத ஓர் ஊரில், நாங்கள் யாரும் கேட்டிராத ஒரு பெண்ணின் பெயருக்கு. என் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு ரசீதுகளை நிதானமாகப் படித்துவிட்டு, "இருந்த இடத்திலேயே வை" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அப்பாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்று முடியாமல் தவித்தேன். யாராவது முன்கூட்டியே இரண்டு வரியில் எனக்கு விளக்கியிருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காது. இத்தகைய நாவல்களை நான் தேடிப் படிக்கவும் தொடங்கியிருக்க மாட்டேன்.

அடுத்து மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பின்னட்டை வாய் மூடியிருந்தாலும் தமிழ் இலக்கணமே சில நேரம் இரகசியத்தை உடைத்துவிடுகிறது. டாஃப்னி டு மோரியர் 1938-இல் வெளியிட்ட 'ரெபேக்கா' என்ற ஆங்கில நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியை இழந்த ஒரு செல்வரை மணந்துகொண்டு மாண்டர்லி என்னும் மாளிகைக்கு வரும் இளம்பெண் கதையைச் சொல்கிறாள். கடைசிவரை அவள் பெயர் நமக்குச் சொல்லப்படுவதில்லை. இறந்தவளின் பெயரோ எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கணவர், வேலைக்காரத் தலைவி, இந்த இளம்பெண் மூவரும் இறந்தவளை ஒரே சுட்டுப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். தமிழில் எழுதுபவர் அவள், அவர், அவங்க என்ற மூன்றில் ஒன்றை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். முதல் மனைவியை 'அவர்' என்று சொல்லும் இரண்டாம் மனைவிக்கும், 'அவள்' என்று சொல்லும் இரண்டாம் மனைவிக்கும் நடுவே ஒரு முழு நாவலின் தூரம் இருக்கிறது. கணவரின் வாயில் வரும் விகுதியோ அதைவிட ஆபத்தானது. முடிவை அறிந்த மொழிபெயர்ப்பாளர், தம்மையறியாமலே அதை முதல் அத்தியாயங்களில் ஏற்றிவிடக்கூடும். அந்தந்தப் பக்கத்தில் பேசுபவர் எவ்வளவு அறிந்திருக்கிறாரோ, எவ்வளவு காட்ட விரும்புகிறாரோ, அந்த அளவுக்கே விகுதி இருக்கட்டும்.

அதே நாவலில் இறந்தவளின் உறவினன் ஒருவன் வருகிறான். மூலத்தில் அவன் 'கசின்'. தமிழில் அவனை அத்தை மகன் என்றோ மாமன் மகன் என்றோ எழுதினால் முறைப்பையனாகிவிடுகிறான். பெரியப்பா மகன் என்றால் அண்ணனாகிவிடுகிறான். இரண்டில் எதைப் போட்டாலும், அவன் வாசற்படி ஏறுவதற்குள் நம்மூர் வாசகர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். எனவே 'கசின்' என்றே விட்டுவிடுங்கள் என்பது என் கோரிக்கை. தூய தமிழில் பற்றுள்ளவள்தான் நான். ஆனாலும் இந்த ஓரிடத்தில் தெளிவில்லாத ஆங்கிலச் சொல்லே நமக்கு உதவுகிறது.

முகம் தெரியாத குற்றவாளி விஷயமும் இதைப் போன்றதுதான். "யாரோ கதவைத் திறந்தான்" என்று எழுதிய கணத்தில் கதையிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் சந்தேகத்திலிருந்து விடுதலையாகிவிடுகிறார்கள். "கதவு திறக்கும் சத்தம் கேட்டது" என்று எழுதினால் யாரும் தப்பவில்லை.

முன்னுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியர்கள் எழுதும் ஆய்வுரைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை நாவலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னுரையாக அச்சிடுங்கள். இடம் மாற்றுவதற்காக ஒரு பக்கம்கூட அதிகம் அச்சிட வேண்டியிராது.

விற்பனைக்குப் பின்னட்டையில் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பீர்கள், நியாயம்தான். நம் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளில் வந்த 'முன்கதைச் சுருக்க'த்தைப் பாருங்கள். சென்ற வாரம்வரை வாசகருக்குத் தெரிந்ததை மட்டும் பத்து வரியில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்காமல் நிற்கும் கலை அதை எழுதிய உதவி ஆசிரியர்களுக்குக் கைவந்திருந்தது. மூன்றாம் அத்தியாயத்துக்கு எழுதும் முன்கதைச் சுருக்கம் எவ்வளவு சொல்லுமோ, பின்னட்டையும் அவ்வளவு சொன்னால் போதும். இலண்டனில் 1952-இல் அரங்கேறிய அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகத்தில், முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று காட்சி முடிந்ததும் பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். அங்கே பார்வையாளரிடம் வேண்டுகிறார்கள். இங்கே நான் பதிப்பாளரிடம் வேண்ட வேண்டியிருக்கிறது.

வரும் ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருவேன். உங்கள் அரங்குகளில், புத்தகத்தைத் திருப்பாமலே கையில் வைத்துக்கொண்டு "இது என்ன விலை?" என்று கேட்கும் கண்ணாடி போட்ட பெண்மணியைக் கண்டால், "பின்னாடி போட்டிருக்கு, பாருங்கம்மா" என்று சொல்லாமல் விலையை மட்டும் சொல்லிவிடும்படி விற்பனையாளர்களிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை வாங்கிப் படிக்கும் ஒரு வாசகி