இரண்டாங்கட்டுக்கு எட்டாத வைஃபை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேவகோட்டையில் எங்களுடையது பழைய காலத்து வீடு. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் மூன்று கனத்த சுவர்களைத் தாண்ட வேண்டும். போன சித்திரையில் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். மாட்ட வந்த தம்பி, கேபிள் நுழைந்த இடத்திலேயே, முகப்பில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைஃபை பெட்டியை (ரூட்டர்) வைத்தார். காலண்டர் அட்டையில் பாஸ்வேர்டை எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பேத்தி வங்கித் தேர்வுக்கு இரண்டாங்கட்டில் உட்கார்ந்து படிக்கிறாள். "ஐயா, டெஸ்ட் பாதியிலயே நின்னுபோச்சு" என்று அவள் வந்து நிற்காத நாள் இல்லை. மூன்று முறை புகார் சொன்னேன். மூன்று முறையும் "பிளானைக் கூட்டுங்க சார்" என்றார்கள். 50 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) பிளானை 100 ஆக்கினேன். ஆறு மாதம் கூடுதலாகக் கட்டியும் அவள் மேசையில் ஒரு மாற்றமும் இல்லை.

பொங்கலுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். போனைப் பெட்டிக்கு அருகில் வைத்து வேகம் பார்த்தான்: 92. பேத்தியின் மேசையில் வைத்துப் பார்த்தான்: 3. "வெளியிலேருந்து வர்றது சரியா வருது. வீட்டுக்குள்ளதான் போகலை" என்றான். இணைய இணைப்பு வேறு, வைஃபை வேறு என்பது 71 வயதில் அன்றுதான் எனக்கு விளங்கியது. தெருக்குழாயில் தண்ணீர் எவ்வளவு வந்தால் என்ன, வீட்டுக்குள் குழாய் அடைத்திருந்தால்?

போனில் எங்கள் வைஃபை இரண்டு பெயர்களில் தெரியும். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். அது செல்போன் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சட்டென்று குறைந்துவிடும். மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். வேகம் குறைவு, எட்டும் தூரம் கூடுதல். பேத்தி இத்தனை நாளும் 5ஜியில்தான் இருந்திருக்கிறாள். போதாததற்கு முன்னால் இரும்பு பீரோ. இரும்பு அலையை மறித்துவிடும்.

இடையில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வைஃபை சிக்னலை வாங்கி மேலும் தள்ளிவிடும் எக்ஸ்டெண்டர் என்ற கருவியை வாங்கி, சிக்னலே இல்லாத இரண்டாங்கட்டில் மாட்டியிருந்தேன். தனக்கு வருவதைத்தானே அது தள்ளிவிட முடியும்? இப்போது முகப்பிலிருந்து வளவு (உள்முற்றப் பகுதி) வரை, இணையத்தைக் கம்பி வழியே கொண்டுபோகும் லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைத்திருக்கிறோம். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பேத்தியின் மேசையில் இப்போது 40க்குக் குறைவதில்லை. பழைய பிளானுக்கே திரும்பிவிட்டேன்.

இன்னொன்றையும் அந்தப் பையன்தான் காட்டினான். வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்ட். பெட்டியின் செட்டிங்ஸுக்குள் நுழைய வேறொரு பாஸ்வேர்ட். இரண்டாவது, எங்கள் வீட்டில் கம்பெனி வைத்த 'அட்மின்' என்ற சொல்லாகவே இருந்தது. வைஃபைக்குள் வந்த யாரும் அதைத் திறந்து எதையும் மாற்றியிருக்கலாம். அன்றே மாற்றினோம்.

இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மாட்ட வருகிறவர் வீட்டின் கடைசி அறையிலும் வேகத்தைச் சோதித்துக் காட்டட்டும். இரண்டு பெயர், இரண்டு பாஸ்வேர்ட், பெட்டியை எங்கே வைப்பது என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுக்கட்டும். அதுவரை தங்கள் நாளிதழாவது இந்த விவரங்களை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

— ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்,
தேவகோட்டை