நியூரோசர்ஜன் ஆகணும்னு உன் மக சொன்னது

அன்புள்ள சுகந்தி,

ஹட்டன் பக்கம் விடாம மழைன்னு அம்மா சொன்னாங்க, எல்லாரும் சுகந்தானே. மகளுக்குப் பேராதனையில மெடிசின் கெடச்சதக் கேட்டு எனக்கு அழுகையே வந்திருச்சு, நம்ம தோட்டத்து லயத்துப் புள்ள டாக்டராகப் போகுதுடி. அவ நியூரோசர்ஜன், அதான் மூளை ஆபரேஷன் பண்ற டாக்டர், ஆகணும்ங்கிறா, பயமா இருக்கு, வேணாம்னு சொல்லவான்னு கேட்டிருந்த. சொல்லிராத.

நீ மூளைய மட்டும் நெனக்கிற. முள்ளந்தண்டும் நரம்பும் கூட அவங்க வேலைதான். இடுப்புல டிஸ்க் பிதுங்கி கால் மரத்துப் போனவங்க வருவாங்க, தலையில தண்ணி சேர்ந்த கைப்புள்ளைங்க வரும், அதுங்களுக்கு மூளையில இருந்து வயித்து வரைக்கும் தோலுக்கு அடியிலயே மெல்லிசா ஒரு ட்யூப் வச்சி தண்ணிய எறக்கி விடுவாங்க. அப்புறம் கட்டி, ரத்தக்குழாய் வெடிச்சது.

நான் நர்ஸா இருக்கிற வாட்டுல என் மனச உலுக்குறது தலையடிதான். மண்டையோடு விரியாது, உள்ள ரத்தம் கசிஞ்சா மூளைக்கு ஒதுங்க எடமில்ல, அழுத்தம் ஏறி கடைசியில மூச்ச நடத்துற பகுதியையே நசுக்கிரும். சில பேர் விழுந்து, கொஞ்சம் மயங்கி, எழும்பி நல்லாத்தான் பேசுவாங்க, வீட்டுக்குப் போய்ப் படுத்தா சில மணி நேரத்துல எழுப்ப முடியாது. காதுக்கு மேல எலும்பு மெல்லிசு, அதுக்கு உள்பக்கமா ஓடுற ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கும். நேரத்தோட ஸ்கேன் எடுத்து, மண்டையோட்டத் தொறந்து ரத்தத்த எடுத்துட்டா அதே ஆள் நடந்து வீட்டுக்குப் போறத நான் பாத்திருக்கேன். வயசானவங்களுக்கு லேசா மோதினாலே போதும், வாரக்கணக்குல மெல்ல ரத்தம் சேர்ந்து தடுமாற்றம், மறதின்னு வரும், நம்ம ஆளுங்க வயசுக்கோளாறுன்னு விட்டுருவாங்க. மண்டையோட்டுல சின்ன ஓட்டை போட்டு வடிச்சா நெறைய பேருக்குத் தெளிஞ்சிரும். லயத்துல எல்லாருக்கும் சொல்லு, தலையில அடிபட்டு வாந்தி, அசாதாரணத் தூக்கம்னா விடியட்டும்னு இருக்காம 1990 ஆம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லு.

1971லதான் லண்டன்ல முதல் நோயாளிக்கு சீடி ஸ்கேன் எடுத்தாங்க, அதுக்கு முன்ன மூளைக்குள்ள காத்த ஏத்தி எக்ஸ்ரே பிடிச்சிருக்காங்க, நெனச்சாலே நடுங்குது. 1974ல கிளாஸ்கோவுல ரெண்டு டாக்டர்மார் எழுதின கணக்குதான் இன்னைக்கும் எங்க கையில இருக்கு: கண் தொறக்குறது, பேச்சு, கை கால் அசைவு மூணையும் பாத்து நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்குன்னு மார்க் போடுறது, முழுசு 15, அடிமட்டம் 3. பதினாலுல இருந்தவர் பன்னெண்டுக்கு எறங்கினா நடுராத்திரின்னாலும் டாக்டர எழுப்பிருவேன், மெஷினுக்கு முன்ன நர்ஸ் கண்ணுக்குத் தெரியிற விஷயம் அது.

படிப்பு நீளம்தான், அஞ்சு வருஷம், இன்டர்ன்ஷிப், அதுக்கப்புறம் டாக்டர்மார் மேற்படிப்புக்கான பி.ஜி.ஐ.எம் பரீட்சையும் வருஷக்கணக்கா ட்ரெய்னிங்கும். ஆனா இப்பவே முடிவெடுக்கத் தேவையில்ல, வாட்டுக்கு வர ஆரம்பிச்சதும் அவளே பாக்கட்டும். பேராதனைக்கு வந்தா என் வீட்டுல தங்கச் சொல்லு, ரூமுக்குக் காசு குடுக்காத.

உன்
மேரி