எந்த ‘இருபத்திரண்டு’?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டால், “விவசாயிக்கு ஒரு பாயின்ட் 22 ரைபிள் கொடுங்கள், தூரத்திலிருந்தே தீர்த்துவிடலாம்” என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. எந்த 22 என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

22 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் பருமன் (0.22), அவ்வளவுதான். வேகம் தருவது பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் வெடிமருந்து. ரைபிள் கிளப்புகளில் சுடும் ‘.22 லாங் ரைபிள்’ என்ற தோட்டாவின் குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 முதல் 380 மீட்டர், ஆற்றல் 200 ஜூலுக்குள். அமெரிக்காவில் மேய்ச்சல் நிலத்து அணில் வகைகளைத் தொலைவிலிருந்து சுடப் பயன்படும் .223 ரெமிங்டன் தோட்டாவும் கிட்டத்தட்ட அதே பருமன்தான். ஆனால் அதன் 3.6 கிராம் குண்டு 990 மீட்டர் வேகத்தில், 1,700 ஜூலுக்கு மேல் ஆற்றலோடு கிளம்புகிறது.

50 மீட்டருக்குக் குறி சரிசெய்த லாங் ரைபிள், 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே அடிக்கும். மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று அதே தூரத்தில் குண்டை 12 செ.மீ. அளவு ஒதுக்கும். நம் ஆடிக்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். அதே 16 கி.மீ. காற்றில் .223 குண்டு ஓர் அடி ஒதுங்க 300 மீட்டர் போக வேண்டும். அதே பருமனில் பெரிய கூடு கொண்ட .22-250 தோட்டா இன்னும் வேகம், ஒதுக்கம் இரண்டொரு அங்குலம் குறையும். ஆனால் மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எரிவதால் குழல் சீக்கிரம் அரிக்கும். நாள் முழுக்கச் சுடுபவர்கள் .223-ஐ விரும்புவது அதனால்தான்.

இன்னொரு கோளாறு குழலின் முறுக்கில், அதாவது குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகளின் திருகலில். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 3.6 கிராம் குண்டு ஒழுங்காகப் போகும். 5 கிராம் நீளக் குண்டைப் போட்டால் தள்ளாடி, காகிதத்தில் பக்கவாட்டாகப் பதியும். அதற்கு 8 அல்லது 7 அங்குல முறுக்கு வேண்டும். ஆளைக் குறை சொல்வதற்கு முன் குழலைப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் பன்றிக்கானவை அல்ல. அணில் வகைக்கான குண்டின் செப்பு உறை மெல்லியது, பட்டதும் சிதறும்படியே செய்யப்பட்டது. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டைத் தடிப்பில் பட்டால் மேலாகவே உடைந்துபோகும். காயம்பட்ட பன்றி புதரில் காத்திருக்கும். மெதுவான லாங் ரைபிளோ வேறு வகையில் மோசம். அதன் ஈயக்குண்டு நம் பாறைக் குன்றுகளில் பட்டால் சிதறாமல் தெறிக்கும். உயர்த்திச் சுட்டால் ஒரு கி.மீ.க்கு மேல் போகும், அதற்குள் ஊர் வந்துவிடும்.

சட்டமும் வேறு மாதிரி இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, .22 ரைபிளைக் கிளப் உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்கென்றே சொல்கிறது. பயிர்க்காவலுக்கு அது சொல்வது குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அதை வைத்திருப்பதால் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைச் சுட, 2025இல் வனத்துறையினருக்கு மட்டுமே அரசு வழி விட்டது.

இது பற்றிச் செய்தி போடும்போது ‘22 துப்பாக்கி’ என்று நிறுத்தாமல், தோட்டாவின் முழுப்பெயரையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடும் பயிற்சியாளர்,
காட்பாடி.