கேட்கிற விலை வேறு, போன விலை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரணில் கிடக்கும் பழைய ரிக்கார்டுகளை இணையத்தில் விற்றால் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சத்தில்கூடப் பணம் பார்க்கலாம் என்று போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ரசித்துத்தான் படித்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் என் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 1983இல் கும்பகோணத்தில், கும்பேசுவரர் கோயில் பக்கத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்தவன். ஜனங்கள் துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். எல்.பி. என்கிற பெரிய ரிக்கார்டிலிருந்து டிடிகே கேசட்டிலோ மெல்ட்ராக் கேசட்டிலோ பதிந்து கொடுப்பேன். (சட்டப்படி அது சரியா என்று இப்போது கேட்காதீர்கள்.) அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுப் பிடிக்கும், பதிமூன்றாவதை எப்படியாவது நுழைக்கச் சொல்வார்கள், கடைசிச் சரணத்தில் டேப் தீர்ந்துவிடும். 2004இல் கடையை மூடினேன். மிஞ்சிய ரிக்கார்டுகளையும் அப்புறம் வாங்கிச் சேர்த்தவற்றையும் பத்து வருடமாக இணையத்தில் விற்கிறேன். கற்றுக்கொடுத்தது மருமகள்.

உங்கள் கட்டுரையில் போட்டிருந்த விலைகளெல்லாம் விற்பவர் கேட்கிற விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். நானே ஒரு எல்.பி.க்கு 9,000 ரூபாய் போட்டு இரண்டு வருடம் வைத்திருந்தேன், கடைசியில் 1,400க்குப் போனது. நடுவில் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் தங்கள் வீட்டு ரிக்கார்டுக்கும் 9,000 என்று மனக்கணக்குப் போட்டார்களோ! என்ன விலைக்குப் போயிற்று என்பதுதான் விலை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். டிஸ்காக்ஸ் என்று ரிக்கார்டுக்கென்றே இருக்கிற தளத்தில் ஒவ்வொரு ரிக்கார்டின் பக்கத்திலும் கடைசியாக எப்போது விற்றது, இதுவரை போனதில் குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு, நடுவாந்திரம் எவ்வளவு என்று இருக்கும். கட்டுரை எழுதியவர் அதை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

தகரப்பெட்டிக்கு வருகிறேன். வலங்கைமான் பக்கத்திலிருந்து எழுபது வயது அம்மா ஒருவர் மகனோடு வந்திருந்தார். அவருடைய அப்பா ரேடியோ செட் வைத்திருந்தவராம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி விடிய விடியப் பாட்டுப் போடுவார்களே, அது. பெட்டியில் 43 ரிக்கார்டுகள். மகன் மனதில் இரண்டு லட்சம் இருந்தது.

ரேடியோ செட்காரர் வீட்டு ரிக்கார்டு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தேய்ந்த ஊசி, அந்த ஊசியைத் தாங்கும் கனமான கை, புழுதி, ஒரே பாட்டு ஒரு ராத்திரிக்குப் பத்து தடவை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கறுப்பாகப் பளபளக்க வேண்டிய கோடுகள் சாம்பல் பூத்து நின்றன. படுக்கை வசமாக அடுக்கி வைத்ததில் அடியில் இருந்த நாலைந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. ரிக்கார்டை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், புத்தகம் மாதிரி.

அதுகூடப் பரவாயில்லை. பெட்டியில், நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய தட்டுகள் பன்னிரண்டு இருந்தன. அதில் ஒன்று நாடகப் பாடகர் கிட்டப்பா பாடியது. அவர் 1933இல், 27 வயதில் போய்ச் சேர்ந்தவர். அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பதே இந்தத் தட்டுகளால்தான். ஆசையோடு கையில் எடுத்தேன். தட்டு பளபளக்கவே இல்லை, சோப்பு காய்ந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. விசாரித்தால், போட்டோவில் பளிச்சென்று தெரியட்டும் என்று கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரைப் பஞ்சில் தொட்டு மகன் நன்றாகத் துடைத்திருக்கிறார். பஞ்சு கறுப்பாக வந்ததும், அழுக்கு போகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறார். போனது அழுக்கு மட்டும் இல்லை, பாட்டும்தான்.

78 தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சு ஆசாரிகள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தானே மேசைக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? பின்னால் வந்த எல்.பி.யும், சின்ன ரிக்கார்டான ஈ.பி.யும் வினைல் என்கிற பிளாஸ்டிக், அதற்கு இந்தப் பயம் அவ்வளவாக இல்லை. 78ஐ மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். ரொம்ப அழுக்கென்றால் லேபிள் நனையாமல் ஈரத்துணியால் ஒற்றி உடனே உலர்த்த வேண்டும். உங்கள் கட்டுரையில் ‘சுத்தம் செய்து படம் எடுங்கள்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. எதால் என்றும் சேர்த்திருந்தால் ஒரு கிட்டப்பா தப்பித்திருப்பார்.

தேறியவை ஒன்பது. தலைக்கு 150 வீதம் 1,350 ரூபாய் கொடுத்தேன். மகன் அப்புறம் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் ஒரு வசனத் தட்டைத் திருப்பிக் கேட்டார். விற்கிற கண்ணுக்கு அது பைசா பெறாது. ஆனால் லேபிளில் ஊதா மையில் அப்பாவின் ரேடியோ செட் முத்திரை இருந்தது. “இது இருக்கட்டும் அண்ணே” என்று முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டார்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் ‘அபூர்வம்’ என்று போடாதீர்கள். ரிக்கார்டை ஓட்டிக் கேட்டுவிட்டு எந்தப் பாட்டில் இரைச்சல், எங்கே ஊசி குதிக்கிறது என்று எழுதுங்கள். உலகம் முழுக்க வழங்கும் தரக்குறியீடும் ஒரு வேடிக்கை: அதில் ‘வெரி குட்’ என்றால் இரைச்சல் கேட்கும் என்று அர்த்தம், ‘குட்’ என்றால் கிட்டத்தட்ட குப்பை. இது தெரியாமல் ‘குட் கண்டிஷன்’ என்று பெருமையாக எழுதி, நல்ல ரிக்கார்டை மலிவாகத் தள்ளிவிட்டவர்களும் உண்டு.

ஏமாற்றுவது விற்பவர் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். போன வருடம் ஒரு தளத்தில் 2,800 ரூபாய்க்கு ஒரு எல்.பி. விற்றேன். கீறல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். உறை என்னுடையது, உள்ளே இருந்த ரிக்கார்டு என்னுடையது இல்லை. கடைக்காலத்தில் ஒவ்வொரு லேபிள் மூலையிலும் பால்பாயிண்ட் பேனாவால் வரிசை எண் எழுதி வைப்பது என் பழக்கம். போனது 214. வந்ததில் எண்ணே இல்லை. தளத்துக்குப் படம் அனுப்பினேன், ‘பொருள் திரும்ப வந்துவிட்டது, புகார் முடிந்தது’ என்று அவர்களிடமிருந்து ஒரே பதில். அனுப்புமுன் எடுத்த படத்தில் அந்த மூலை தெரியாமல் போனது என் தப்பு. இப்போதெல்லாம் இரண்டு பக்க லேபிளையும் கீறலையும் கிட்டத்தில் படமெடுத்து, கட்டுவதைக்கூட வீடியோ எடுக்கிறேன். இதையெல்லாம் பார்த்த என் மனைவி ரிக்கார்டு வியாபாரமா, நகை வியாபாரமா என்கிறாள்.

கட்டும்போது ரிக்கார்டை உறைக்குள் விட்டு அனுப்பக் கூடாது. வெளியே எடுத்து, உள் காகித உறையோடு அட்டை உறைக்குப் பின்னால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் ஒரு தட்டுத் தட்டினால் ரிக்கார்டின் விளிம்பு உறையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். 78ஐத் தபாலில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை, நேரில் வருபவருக்குத்தான்.

கேசட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். வெள்ளையாகப் பூசணம் பூத்த டேப்பை டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் பரவும். மற்றபடி, நான் பதிந்து கொடுத்த கேசட்டுக்கு விலை கிடையாது, என்னிடமே கொண்டுவந்து கேட்க வேண்டாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் தயவுசெய்து என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டுவிடாதீர்கள். திண்ணையில் ஏற்கெனவே இன்னும் இரண்டு சாக்கு மூட்டை பிரிக்காமல் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் சென்டர்காரன்,
கும்பகோணம்