நடு ஸ்டம்பு வந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இன்றைய ஆட்டக்காரர்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நிறைய வருகிறது, சரி, ஆனால் இங்கிலாந்தின் லம்பி ஸ்டீவன்ஸ் மாதிரியான ஆதிகால கிரிக்கெட் ஆட்டக்காரர்களையும் அவ்வப்போது நினைவுபடுத்துங்கள். சர்ரே பகுதிக்காரர், டாங்கர்வில் பிரபுவிடம் தோட்டக்காரராக வேலை பார்த்தவர், கையைத் தாழ்வாக வீசிப் பந்து போட்ட அந்தக் காலத்தில் குறி தவறாதவர் என்று பேர் வாங்கியவர். அப்போது ஸ்டம்புகள் இரண்டுதான். 1775 மே மாதம் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடிய போட்டியில், ஹாம்பிள்டன் அணியின் ஜான் ஸ்மாலுக்கு அவர் போட்ட பந்து மூன்று முறை இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து போனது, ஆனாலும் ஸ்டம்புகளின் மேல் வைத்திருக்கும் சிறு குச்சியான பெயில் விழாததால் அவுட் இல்லை! ஸ்மால் நின்று ஆடி, தேவையான ரன்களை எடுத்து ஜெயித்துவிட்டார். எவ்வளவு பெரிய அநியாயம்! அப்புறம்தான் நடு ஸ்டம்பு வந்தது.

ஸ்மாலும் லேசுப்பட்டவர் இல்லை. செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்து, பீட்டர்ஸ்ஃபீல்டில் மட்டையும் பந்தும் செய்து விற்று, 89 வயது வரை வாழ்ந்தவர். இருவரைப் பற்றியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முழுக் கட்டுரை போடுங்கள், சிறுவர்கள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்